துப்பறியும் கதையும் நோக்கும்: இராயபுரத்து வழக்கொன்றை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் நாவல் என்னும் இலக்கியவகை தோன்றி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. அதன் கிளைகளுள் மிகப் பலராற் படிக்கப்பெற்றதும் மிகச் சிலரால் ஆராயப்பெற்றதும் துப்பறியும் கதையே எனலாம். புலவர் பெருமக்கள் இதனைப் பொழுதுபோக்கு என ஒதுக்குவர். ஒதுக்கியோர் வீட்டு அலமாரியில் இவ்வகை நூல்கள் இரண்டொன்று இருத்தலும் உண்டு. சில ஆண்டுகட்கு முன்னர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல்களை ஆராய விரும்பிய மாணவர் ஒருவர் தம் தலைப்பினை எழுதித் தந்தபோது, ‘கொலையும் களவும் இலக்கியம் ஆகுமா?’ என்னும் வினா எழுந்தது. தலைப்பு மாற்றப்பெற்றது. வினா எழுப்பியோர் யாவரும் ஆண்டுதோறும் சிலப்பதிகாரம் பாடஞ் சொல்லுவோரே. அக்காப்பியத்தின் நடுவிடத்தே களவு உண்டு, கொலை உண்டு, பொய்ச்சான்று உண்டு, அதனை உடைத்தெறிந்த மெய்ச்சான்றும் உண்டு. இதனை நான் அன்று கூறாது வாளா இருந்துவிட்டேன். அன்று கூறாததனையே ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

துப்பறியும் கதைகள் யாவும் நல்லன என்பது என் கருத்தன்று. பெரும்பாலன ஒருமுறை படித்து எறியத் தக்கனவே. ஆயின் வெண்பாக்களுள்ளும் பெரும்பாலன அத்தகையனவே அன்றோ? ஓர் இலக்கியவகையை அதன் கடைப்பட்ட நூல்கொண்டு அளத்தல் முறையன்று. நல்லதனையும் அல்லதனையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்று நமக்கு வேண்டும். அவ்வளவுகோல் தொல்காப்பியத்திலேயே உளது என்பது என் துணிபு. அதனை நிறுவுதற்கு முன், கதையாகாத உண்மை நிகழ்ச்சி ஒன்றனைக் காண்போம்.

1952ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் சென்னை எழும்பூரினின்றும் தனுஷ்கோடி நோக்கிப் புறப்பட்ட ‘போட் மெயில்’ என்னும் புகைவண்டியில் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்கு உரியவர் எவரும் வண்டியில் இலர். மறுநாள் பெட்டியினின்றும் எழுந்த நாற்றத்தைப் பொறாது பயணிகள் முறையிட, மானாமதுரையில் அது திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற ஆணுடல் ஒன்று கிடந்தது. அதே வேளையில், சென்னைச் சீனா பஜாரில் பேனாக்கடை ஒன்றன் முன்னே சிறு வாணிகம் நடத்திவந்த ஆளவந்தார் என்பார் இல்லம் திரும்பவில்லை எனக் கவலையுற்று, அவர்தம் மனைவியார் வினவத் தொடங்கியிருந்தார். வினவல் இராயபுரம் சிமெட்ரி சாலையில் இருந்த ஒரு வீட்டிற்கு வழிகாட்டியது. சில நாட்களில் இராயபுரம் கடற்கரையில் துணியிற் சுற்றப்பட்ட தலை ஒன்று கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவ வல்லுநர் அத்தலையும் மானாமதுரை உடலும் ஒருவருடையனவே என ஆராய்ந்து முடிவு கூறினார். ஆளவந்தார் முன்னர்ப் படைத்துறையிற் பணியாற்றியவர் ஆதலின் அவர் கைரேகை அங்குப் பதிவாகி இருந்தது. உடலின் கைரேகை அதனோடு ஒத்தது. இராயபுரத்து வீட்டில் வாழ்ந்த இளங்கணவனும் மனைவியும் பம்பாயில் பிடிக்கப்பட்டனர். 1953ஆம் ஆண்டில் வழக்கினை விசாரித்துத் தீர்ப்பளித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் ஆவார். ஆங்கிலத்தில் நாவலும் நாடகமும் இயற்றிய எழுத்தாளர் அவர். கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கினை அக்காலத்து மக்கள் அறிந்த முறை ஒன்று. அது நிகழ்ந்த முறை மற்றொன்று. நிகழ்ந்த முறையில் முதலாவது நிற்பது ஒரு பெண்ணுக்கும் ஆளவந்தாருக்கும் அவள் மணத்திற்கு முன்னர் இருந்த தொடர்பு, பின்னர் அவள் மணம், பின்னர் அவர் விடாது நெருக்கியமை, பின்னர் இராயபுரத்து வீட்டில் நிகழ்ந்த கொலை, இறுதியில் பெட்டி. அறிந்த முறையிலோ பெட்டியே முதலாவது. பெயரற்ற உடல் முதலில் வந்தது; பெயர் பின்னர் வந்தது; முகம் அதன் பின்னர் வந்தது; காரணம் எல்லாவற்றிற்கும் பின்னர் வந்தது. துப்பறியும் கதை எனப்படுவது இரண்டு கதைகளின் கூட்டு என்றும், ஒன்று குற்றத்தின் கதை, மற்றொன்று அதனை ஆராய்ந்தறிந்த கதை என்றும் பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் தொதொரோவ் 1966ஆம் ஆண்டில் பகுத்துரைத்தார். முதற்கதை முடிந்த இடத்தில் இரண்டாங்கதை தொடங்குகின்றது. இரண்டாங்கதை முடியும் இடத்தில் முதற்கதை வெளிப்படுகின்றது. இராயபுரத்து வழக்கு இப்பகுப்பிற்குப் பொருத்தமான சான்று.

இதனை முதுகலை வகுப்புகள் இரண்டில் இருவேறு முறையாகச் சொல்லிப் பார்த்தேன். நிகழ்ந்த முறையிற் சொன்ன வகுப்பில் மாணவர் அப்பெண்ணின் நிலை பற்றியும் ஆளவந்தாரின் குடும்பம் பற்றியும் நெடுநேரம் வாதிட்டனர். ஆயின் கதை சொல்லும்போது இருவர் மூவர் சாளரத்தின் வழியே வெளியே நோக்கிக்கொண்டிருந்தனர். அறிந்த முறையிற் சொன்ன வகுப்பில் மணியடித்தும் எவரும் எழவில்லை. ஆனால் கதை முடிந்த பின்னர் ஒருவரேனும் எவர்க்கும் இரங்கிப் பேசவில்லை. திருவொற்றியூரினின்றும் வரும் மாணவர் ஒருவர், ‘ஐயா, தலை கிடந்த மணல் இப்போது இல்லை, அங்கெல்லாம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்’ என்றார். அவர் கூறியது உண்மையே. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் தெற்கினின்றும் வடக்கே செல்லும் மணலைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலாகக் கரை அரிப்புண்டது. மாணவர் அறிவு பாராட்டத்தக்கதே. ஆயினும் இறந்தவரை விடுத்து அவர் கண் மணலிற் சென்றமைக்குக் காரணம் நான் கதை சொன்ன முறையே என உணர்ந்தேன்.

இவ்விரு வகுப்பினின்றும் நான் கற்றது இது. மறைத்துச் சொல்லும் முறை கேட்போனைக் கட்டி நிறுத்தும். ஆயின் மாந்தரை விழுங்கிவிடும். மறைக்காது சொல்லும் முறை மாந்தரைக் காட்டும். ஆயின் கேட்போனைக் கட்டாது. நல்ல துப்பறியும் கதை இவ்விரண்டனையும் ஒருங்கே செய்தல் வேண்டும். முதன்முறை படிக்கும்போது மறைவு நம்மை இழுத்துச் செல்ல, மறுமுறை படிக்கும்போது அதே சொற்களில் மாந்தர் தோன்றுதல் வேண்டும். இங்குத்தான் தொல்காப்பியம் துணை வருகின்றது. செய்யுளியலில் கூறப்பெறும் 34 உறுப்புகளுள் ‘நோக்கு’ என்பது ஒன்று. கேட்டவன் மீண்டும் திரும்பி நோக்கிப் பயன்கொள்ளுமாறு செய்யும் கருவி அது எனப் பேராசிரியர் உரையால் அறிகின்றோம். ஒருமுறை கேட்டு நீங்கினால் புலப்படாது, மீண்டு வந்து நோக்கினாற் புலப்படும் பொருள் செய்யுளின் மாத்திரை முதலாக அடிநிரம்பும் வரை எங்கும் பொதிந்து கிடத்தல் வேண்டும் என்பது கருத்து. தொல்காப்பியர் இதனைச் செய்யுளுக்கே கூறினார்; உரைநடைக் கதைக்கு நாம் கொள்ளுதல் மிகையாகாதோ எனின், ஆகாது. ஏனைய நாவல்களுக்கு நோக்கு ஓர் அணி. துப்பறியும் கதைக்கோ அதுவே உயிர். கதை முடிந்ததும் படிப்போன் ‘இதனை நான் அங்கேயே கண்டேனே!’ எனப் பக்கங்களைப் பின்னே புரட்டுதல் வேண்டும். புரட்டிய இடத்தில் உண்மையாகவே அது இருத்தல் வேண்டும். இல்லையேல் ஆசிரியர் ஏமாற்றினார் என்பதே பொருள்.

மறைத்தல் வேறு, ஒளித்தல் வேறு என ஒரு வேறுபாடு ஈண்டுச் செய்துகொள்ளலாம். சான்றினைப் படிப்போன் கண்ணிற் படாது வைத்திருந்து இறுதிப் பக்கத்தில் எடுத்து நீட்டுதல் ஒளித்தல். சான்றினைக் கண்முன்னே வைத்து, அதன் பொருளை மட்டும் தோன்றாமற் செய்தல் மறைத்தல். முன்னது எவர்க்கும் எளிது. பின்னது அரிது. ஆங்கில நாட்டில் ரானல்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929ஆம் ஆண்டில் இக்கதைக்குரிய விதிகள் பத்தினை வகுத்தபோது, துப்பறிவோன் காணும் தடயம் படிப்போனுக்கும் உடனே காட்டப்பெறுதல் வேண்டும் என்றும், தெய்வச்செயல், பேய்ச்செயல் ஆகியவற்றால் விடை கூறலாகாது என்றும் விதித்தார். இரகசிய அறையோ சுரங்க வழியோ ஒன்றனுக்கு மேற்படலாகாது என்பதும் அவர் விதி. நம் பழைய நாவல்களிற் சிலவற்றை அவர் படித்திருப்பின் ஒன்று என்னும் எண்ணைச் சற்றே உயர்த்தியிருப்பார் போலும்.

மறைத்தலுக்கு உலக இலக்கியத்தில் தலையாய சான்று ஒன்று கூறுக எனின், நான் சிலம்பினையே கூறுவேன். கோவலன் குற்றமற்றவன் என்பதைப் படிப்போர் முன்னரே அறிவர். களவு செய்தவன் பொற்கொல்லன் என்பதனையும் அறிவர். ஆதலின் சிலப்பதிகாரம் துப்பறியும் கதை அன்று. அவ்வாறு கூறி அதனைச் சிறுமைப்படுத்துதல் என் எண்ணமும் அன்று. ஆயின் வழக்குரை காதையில் சான்று இயங்கும் முறையை உற்று நோக்குக. கண்ணகி தன் சிலம்பின் உள்ளே மாணிக்கப் பரல் உண்டு என்கின்றாள். மன்னன் தன் தேவியின் சிலம்பு முத்துப்பரல் உடையது என்கின்றான். சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது, வழக்கு முடிகின்றது. இச்சான்று எங்கிருந்து வந்தது? எவரும் ஒளித்து வைத்த மடலினின்றும் வரவில்லை. சிலம்பு என்றாலே உள்ளே பரல் உண்டு. பரல் உண்மையாலன்றோ சிலம்பு ஒலிக்கின்றது! நூலின் பெயரிலேயே அச்சான்று இருந்தது. புகார் நகரில் கண்ணகி காலில் கிடந்த நாள் முதலாக அது ஒலித்துக்கொண்டே இருந்தது. பொற்கொல்லன் அறிவான், கோப்பெருந்தேவி அறிவாள், காவலரும் அறிவர். ஒருவரேனும் ‘உள்ளே என்ன பரல்?’ எனக் கேட்டிலர். பொருளின் இயல்பிலேயே அமைந்து கிடக்கும் சான்றே தலையாய சான்று. அது வெளிப்படும்போது புதியது ஒன்றனை நாம் அறிவதில்லை. அறிந்திருந்ததனை ஏன் நினைந்திலம் என்றே வருந்துகின்றோம்.

இராயபுரத்து வழக்கிற்கு மீண்டு வருவோம். தலையை நீக்கியவர் முகத்தை நீக்கினால் பெயர் நீங்கும் எனக் கருதினர். பெட்டியைப் புகைவண்டியில் ஏற்றியவர், நிலத்தின் எல்லைவரை செல்லும் வண்டியில் ஏற்றினர். அக்காலத்துப் போட் மெயில் தனுஷ்கோடியிற் கப்பலோடு இணைந்து இலங்கைக்கு வழிகாட்டியது. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அவ்வழி இருந்தது. முகமும் இடமும் நீங்கின. விரல் நீங்கவில்லை. மனிதன் பெயர் முகத்தில் மட்டும் இல்லை, விரல்நுனியிலும் உண்டு என்பதனை 1897ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவியபோது இந்நாட்டுக் காவல்துறை ஏற்றுக்கொண்டது. சிலம்பில் பரல் போன்றதே உடலில் விரல். யாவரும் காண்பது, எவரும் நினையாதது.

சான்றினின்றும் முடிவுக்குச் செல்லும் வழியினை அளவைநூலார் அனுமானம் என்பர். மணிமேகலையில் தருமம் கேட்ட காதை இதனை விரித்துரைக்கின்றது. புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணிதல், அடுக்களையை எடுத்துக்காட்டாகக் கூறுதல் ஆகியன மாணவர் நன்கறிந்தவை. துப்பறியும் கதை ஆராய்ச்சிக்கு அக்காதையில் பயன்படுவது அப்பகுதி அன்று. போலிகளைக் கூறும் பகுதியே. ஏதுப்போலி என்பது ஏதுப்போலத் தோன்றி ஏதுவாகாதது. அதன் வகைகளுள் ஒன்று, கண்டது ஆவியோ பனியோ என ஐயமிருக்கவே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிதல். மார்கழி விடியலில் எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்பவர்க்கு இப்போலி எளிதில் விளங்கும். அனல் மின்நிலையத்துப் புகையும், ஆலைகளின் ஆவியும், கடற்பனியும் ஒன்றோடொன்று கலந்து நிற்க, இது இன்னது எனத் துணிய இயலாது. படிப்போனை வழி தவறச் செய்யத் துப்பறியும் கதையாசிரியர் இடும் பொய்த்தடயம் இவ்வேதுப்போலியே அன்றி வேறில்லை. ஆயின் இதிலும் அறம் ஒன்று உண்டு. பனியைப் புகை எனப் படிப்போன் தானே மயங்குதல் வேண்டும். பனியைப் புகை என ஆசிரியர் தம் கூற்றாகச் சொல்லிவிட்டால் அது பொய். கதைமாந்தர் பொய் கூறலாம். கதைசொல்வோன் பொய் கூறலாகாது. 1926ஆம் ஆண்டில் அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டு பற்றிய நாவலைக் குறித்து எழுந்த பெருவாதம் முழுவதும் இவ்வொரு வரம்பு பற்றியதே. கதைசொல்வோனே கதைமாந்தனும் ஆனபோது அவன் எதனைக் கூறாது விடலாம் என்பதே அவ்வாதத்தின் உள்ளீடு.

தமிழ்நாட்டில் இக்கதை மேனாட்டினின்றும் வந்த புதுச்சரக்கு என்று கூறுவோர் உளர். பாதியே உண்மை. பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டில் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைக் கூறும் நூலினை வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதையின் தொடக்கம் அதுவே என்பர். மேனாட்டு நிழல் அதில் உண்டு. ஆயின் அதே சாஸ்திரியார் அதற்கு முன்னரே அலகேச அரசன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். அக்கதையின் தொடக்கத்தை நினைவு கூர்க. ஒட்டகத்தை இழந்த வணிகன் ஒருவன் வழியில் நால்வரை வினவுகின்றான். ஒருவன், ‘அது நொண்டி அன்றோ?’ என்கின்றான், இன்னொருவன், ‘வலக்கண் குருடு அன்றோ?’ என்கின்றான், வால் குறுகியது என்றும் வயிற்றுநோய் உடையது என்றும் ஏனை இருவர் கூறுகின்றனர். ஒட்டகத்தைக் கண்டதில்லை என்றும் நால்வரும் கூறுகின்றனர். வணிகன் அவர்களைக் கள்வர் என அரசன்முன் நிறுத்துகின்றான். மூன்று அடிகளே நிலத்திற் பதிந்தமை, ஒருபுறத்துத் தழை மட்டுமே மேயப்பட்டமை, கொசுக்கடியால் குருதித்துளி சிந்தியமை, முன்னடி அழுந்திப் பின்னடி அழுந்தாமை ஆகிய நான்கும் அவர்தம் ஏது. இக்கதை நாட்டு வழக்கில் உலவியது. இதனை ஒத்தது அரபு நாட்டிலும் உண்டு. வால்தேர் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தகையதொன்றைத் தம் ஸாதிக் கதையில் அமைத்தார். ஆதலின் சாஸ்திரியார் தானவனைப் படைத்தபோது மேனாட்டை மட்டும் நோக்கினார் என்பது பொருந்தாது. ஒட்டகத்தின் அடிச்சுவடு அவர் மேசைமேலேயே இருந்தது.

பின்வந்தோரைப் பற்றி விரித்துரைக்க ஈண்டு இடமில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1908ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் பெயர் வீடுதோறும் வழங்கியது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவிப் பல எழுதினார். வடுவூராரின் கும்பகோணம் வக்கீல் திகம்பர சாமியார் என்னும் பெயரில் 1950ஆம் ஆண்டில் திரைப்படமும் ஆயிற்று. இவர்தம் நூல்கள் பலவற்றில் மறைத்தலினும் ஒளித்தலே மிகுதி. குறை கூறுவேனாயினும், உரைநடை படிக்கும் பழக்கத்தை ஆயிரக்கணக்கானோர்க்கு ஊட்டியவர் இவரே என்பதனை மறத்தல் நன்றியன்று. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, அறிவில்லாதவன் தற்செயலால் வெற்றிபெறும் நகைச்சுவைக் கதை. நகையாடுதற்கு நகையாடப்படும் மரபு முன்னரே நிலைபெற்றிருத்தல் வேண்டும்; அந்நிலைபேற்றினை ரங்கராஜு காலத்தோர் தந்திருந்தனர்.

தழுவல் நூல்களின் பெருங்குறை நிலமும் பொழுதும் ஒட்டாமையே. மூடுபனி சூழ்ந்த இலண்டன் தெருவைத் தஞ்சாவூருக்குக் கொணர்ந்தால் பெயர்கள் மட்டுமே தமிழாகும். நம் அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்தது காரணமின்றி அன்று. நல்ல துப்பறியும் கதையில் குற்றம் அந்நிலத்திலேயே, அப்பொழுதிலேயே நிகழத் தக்கதாக இருத்தல் வேண்டும். வேறோரிடத்துக்கு மாற்றினால் கதை குலைதல் வேண்டும். இராயபுரத்து வழக்கில் சீனா பஜாரின் வாணிகக் கூட்டமும், பிறர் வருகையை எவரும் பொருட்படுத்தாத துறைமுகப் புறநகர்த் தெருவும், நடந்து செல்லும் தொலைவில் கடலும், எல்லை கடக்கும் புகைவண்டியும் ஒன்றுகூடியமையாலேயே அக்குற்றம் அவ்வடிவம் பெற்றது. மதுரையில் இது நிகழ்ந்திருப்பின் கடல் இல்லை. நாகையில் நிகழ்ந்திருப்பின் அப்பெருங்கூட்டம் இல்லை.

இதனைத் தமிழிற் செவ்வனே உணர்ந்த படைப்பு ஒன்று அச்சில் அன்று, திரையில் வந்தது. எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாட்டு ஒன்றும் இல்லாத படம் அது. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் சப்பானிய விமானம் சென்னையிற் குண்டு வீசிய மறுநாள் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கின்றான். சென்னைத் துறைமுகத்தை 1914ஆம் ஆண்டில் எம்டன் சுட்ட நினைவு நீங்காத நகரம் அது. மீண்டும் அஞ்சி ஊரைவிட்டு ஓடிய காலம் அது. அவ்வச்சம் பின்னணி அன்று. கொலைக்குக் காரணமே அதனுள் இருக்கின்றது. ஐயுறத்தக்கோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை கூற, கொன்றவர் எவரும் ஐயுறாதவாறு நம் மனச்சாய்வுக்குள்ளேயே மறைந்திருக்கின்றார். கணவனை இழந்து நிற்கும் மனைவியை ஐயுறுதல் கூடாது என நாம் கொண்ட நல்லெண்ணமே அங்குத் திரை. முதன்முறை காணும்போது அவள் முகத்தில் துயர் தெரிகின்றது. மறுமுறை காணும்போது அதே முகத்தில் அதே துயர், வேறு காரணத்தோடு தெரிகின்றது. நோக்கு என நான் மேலே கூறியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

விடை கூறாது விட்டால் என்? சிலர் அதனையே உயர்ந்த கலை என்பர். 1944ஆம் ஆண்டு நவம்பரில் வேப்பேரியிற் குத்துண்டு இறந்த இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் வழக்கு அத்தகையது. எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பெற்றுப் பின்னர் 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்றனர். கொன்றவர் யார் என்பது இன்றுவரை துணியப்படவில்லை. அவ்வழக்குப் பேச்சுக்கு இடந்தரும், நோக்குக்கு இடந்தராது. எத்துணை முறை மீண்டு நோக்கினும் தொடக்கத்திற் கண்ட இருளையே காண்கின்றோம். சுஜாதாவின் கொலையுதிர் காலம் அறிவியலா அமானுடமா என்னும் ஐயத்தோடு முடிகின்றது எனினும், இரு விடைக்கும் உரிய சான்றுகள் கதையில் உள்ளன. கணேசும் வசந்தும் மாறுபடுதற்கு இடம் உண்டு. ஐயம் சான்றினின்றும் எழுதல் வேறு. சான்றின்மையால் எழுதல் வேறு.

இனி ஒன்று எஞ்சியுள்ளது. யார் கொன்றார் என்னும் வினாவிற்கு விடை கிடைத்ததும் தீர்ந்துபோகும் கதை குறுக்கெழுத்துப் புதிரை ஒக்கும். நிரப்பிய புதிரை எவரும் பாதுகாப்பதில்லை. இராயபுரத்து வழக்கினை எழுபது ஆண்டுகட்குப் பின்னும் மக்கள் பேசுவது பெட்டியின் புதுமையால் மட்டும் அன்று. விடை கிடைத்த பின்னரே வழக்கின் கடினமான வினா எழுந்தது. உடலைத் துணித்து ஊர் கடத்தியவர்க்கு 7 ஆண்டு போதுமா? நெருக்குண்ட பெண்ணுக்கு 3 ஆண்டு மிகையா? கொலையுண்டவரின் ஒழுக்கக் குறை தண்டனையைத் தளர்த்தியது எனின், இறந்தவர் தம் பக்கம் பேசுதற்கு மன்றத்தில் எவர் இருந்தார்? எழுத்தாளராகிய நீதிபதி மாந்தரை நோக்கினார் என்று ஒரு சாரார் கூறுவர். இறந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார் என்று மறுசாரார் கூறுவர். நான் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றேன். ஆயின் அப்பெண் தன் நிலையை எவரிடம் முறையிட்டிருத்தல் கூடும் என வகுப்பில் மாணவி ஒருவர் கேட்டபோது என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

இவ்வழக்கில் முதன்முதல் வினவியவர் காவலர் அல்லர், ஆளவந்தாரின் மனைவியார். கணவன் வாராமை கண்டு, அவர் சென்ற இடம் யாது எனக் கேட்டவர் அவர். கேட்ட வினாவின் விடையாக வந்தது கணவனின் இறப்பு மட்டும் அன்று, அவரைப் பற்றிய வேறொரு செய்தியும் ஆகும். இவ்வழக்கைக் கதையாகச் சொல்வோர் பலரும் அவரை முதற் பக்கத்தோடு விட்டுவிடுகின்றனர்; நானும் என் வகுப்புகள் இரண்டிலும் அவ்வாறே விட்டேன். கணவன் கொலையுண்டான் எனக் கேட்டு மன்றம் ஏறிய இன்னொருத்தியைக் கூறிய இளங்கோவடிகள் அவ்வாறு விடவில்லை. வழக்குரை காதையிலேயே மெய் வெளிப்பட்டு அரசனும் வீழ்ந்துவிடுகின்றான். வஞ்சினமாலை, அழற்படு காதை, கட்டுரை காதை ஆகியனவும் வஞ்சிக் காண்டம் முழுவதும் அதன் பின்னர் வருவனவே.